இருபத்தெட்டு விநாடி

குருவுக்கு முப்பத்தாறு வயது. சீடருக்கு நாற்பத்தைந்து.

சீடரின் பெயர் இன்னாசிமுத்து. வறண்ட சமவெளியில் இருந்த ஒரு சின்ன விமான நிலையத்தின் டவரில் பதினொரு வருடம் கன்ட்ரோலராக இருந்தவர். அங்கே ஒரு நாளைக்கு ஆறு விமானம் வரும், ஆறு போகும். எது வந்தாலும் கண்ணாடி வழியாகப் பார்த்துவிடலாம். சக்கரம் தரையைத் தொடும்போது கிளம்பும் புகைகூடத் தெரியும்.

குருவின் பெயர் சுபைதா. கடலோர நகரத்தில் இருந்த பெரிய கட்டுப்பாட்டு மையத்தில் வேலை. அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. மிக உயரத்தில் போகும் விமானங்கள் ரேடார் திரையில் புள்ளிகளாக ஊர்ந்து வரும். ஒவ்வொரு புள்ளியின் பக்கத்திலும் அதன் பெயர், உயரம், வேகம். அவை ஒன்றையொன்று நெருங்காமல் பார்த்துக்கொள்வதுதான் அங்கே இருப்பவர்களின் வேலை.

மாற்றலாகி வந்த இன்னாசிமுத்து, ரேடாரின் முன்னால் தனியாக உட்கார வேண்டுமென்றால் முதலில் நூற்றைம்பது மணி நேரம் ஒரு பயிற்றுநரின் பக்கத்தில் உட்கார வேண்டும். விமானங்களும் உண்மை, ஆட்களும் உண்மை. மைக் சீடரின் கையில் இருக்கும். ஆனால் லைசென்ஸ் குருவுடையது. சீடர் எதைச் சொன்னாலும் அதைக் குரு சொன்னதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

முதல் நாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டே அவர் சொன்னார்:

"என் கடைசித் தங்கச்சிக்கு உங்க வயசுதான் இருக்கும் மேடம்."

"இருக்கலாம் சார்."

"என்னை இன்னாசின்னே கூப்பிடுங்க. சார் எல்லாம் வேண்டாம்."

"சரி சார்."

அதற்குமேல் அந்தப் பேச்சு நகரவில்லை. கடைசிவரை அவர் இவருக்கு மேடம், இவர் அவருக்கு சார்.

சுபைதா அதிகம் பேசுகிறவர் இல்லை. பக்கத்து நாற்காலியில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, திரையைப் பார்த்தபடி இருப்பார். சினிமாவுக்கு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தவர் மாதிரி. இன்னாசிமுத்துவுக்கு அது பிடிக்கவில்லை. கற்றுக்கொடுக்க வந்தவர் எதையாவது கற்றுக்கொடுக்க வேண்டாமா?

முதல் வாரத்தில் ஒரு நாள் அவரே கேட்டார்.

"மேடம், ஒரே நேரத்துல பதினாலு விமானம் வருது. பதினாலையும் எப்படி மனசுல வச்சுக்கிறது?"

"வச்சுக்காதீங்க சார்."

"அப்புறம்?"

"பாருங்க. திரையிலதான் இருக்கே."

இது ஒரு பதிலா என்று அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவர் யோசித்தார். மறுநாள் உட்கார்ந்தபோது, எதையும் மனப்பாடம் செய்யாமல் வெறுமனே பார்த்தார். வேலை கொஞ்சம் இலகுவானது. அதை அவர் சுபைதாவிடம் சொல்லவில்லை. சுபைதாவும் கேட்கவில்லை.

டவரில் இருந்த காலத்திலேயே இன்னாசிமுத்துவுக்கு ஒரு பெயர் உண்டு. கறார் பேர்வழி. ஒருமுறை ஒரு பயிற்சி விமானம் ஓடுபாதைக்கு முன்னால் இருக்கும் மஞ்சள் கோட்டை அனுமதி இல்லாமல் நாலு அடி தாண்டி வந்து நின்றது. பின்னால் வேறு யாரும் இல்லை. வானத்திலும் யாரும் இல்லை. அப்படியே போகச் சொல்லியிருந்தால் ஒரு நஷ்டமும் இல்லை. இன்னாசிமுத்து அந்த விமானத்தை ஓடுபாதையைக் குறுக்கே கடந்து, சுற்றி, நிறுத்துமிடத்துக்கே திரும்பிப் போகவைத்தார். அங்கிருந்து மறுபடி கிளம்பி வந்து கோட்டுக்கு முன்னால் நின்று அனுமதி கேட்கச் சொன்னார். அதை ஓட்டிய மாணவன் கேட்டான், இவர் கொடுத்தார்.

தப்பைச் செய்தவர்தான் அதைச் சரிசெய்ய வேண்டும். இதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. பதினொரு வருடத்தில் அது அவருடைய கையெழுத்தைப் போல ஆகியிருந்தது.

அறுபத்து மூன்று மணி நேரம் முடிந்திருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே முக்கால். திரையில் ஒன்பது விமானங்கள். அது ஒன்றும் அதிகமில்லை.

தெற்கிலிருந்து ஒரு சரக்கு விமானம் மேலேறிக்கொண்டு வந்தது. முப்பத்து மூவாயிரம் அடி வரை ஏறலாம் என்று இன்னாசிமுத்து அனுமதி கொடுத்திருந்தார். விமானி அதைத் திருப்பிச் சொன்னார்: முப்பத்து மூவாயிரம். இவர் சொன்னதும் சரி, அவர் திருப்பிச் சொன்னதும் சரி.

கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பயணிகள் விமானம் முப்பத்து நாலாயிரம் அடியில் போய்க்கொண்டிருந்தது. உள்ளே நூற்று அறுபத்தெட்டுப் பேர். இரண்டு விமானங்களின் பாதையும் ஓரிடத்தில் வெட்டிக்கொள்ளும். ஆனால் ஒன்று மேலே, ஒன்று கீழே. நடுவில் ஆயிரம் அடி. விதி கேட்பதும் ஆயிரம் அடிதான்.

சரக்கு விமானத்தின் உயர எண் முப்பத்து மூவாயிரத்தில் நிற்கவில்லை. முப்பத்து மூவாயிரத்து நூறு ஆனது. பிறகு முப்பத்து மூவாயிரத்து இருநூறு. பக்கத்தில் இருந்த சின்ன அம்பு மேல்நோக்கியே நின்றது.

இரண்டு புள்ளிகளும் சிவப்பாகித் துடிக்க ஆரம்பித்தன.

விமானத்துக்குள்ளேயே ஓர் எச்சரிக்கைக் கருவி உண்டு. இன்னொரு விமானம் மிக அருகில் வந்துவிட்டால் அது ஏறு, இறங்கு என்று குரல் கொடுக்கும். கொடுத்துவிட்டால் விமானி அதைத்தான் கேட்க வேண்டும், தரையில் இருப்பவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். தரையில் இருப்பவருக்குக் கிடைப்பதெல்லாம் அந்தக் குரலுக்கு முன்னால் உள்ள நேரம். கொஞ்ச நேரம்தான்.

இன்னாசிமுத்து மைக்கை அழுத்தினார். வானத்தோடு பேசுவது ஆங்கிலத்தில். அவர் சொன்னது இது:

"உங்களுக்கு அனுமதி முப்பத்து மூவாயிரம். உடனே முப்பத்து மூவாயிரத்துக்கு இறங்குங்கள்."

பதில் இல்லை.

மறுபடி சொன்னார். எண் முப்பத்து மூவாயிரத்து நானூறு ஆனது.

மூன்றாவது முறை சொன்னபோது அவர் குரல் உயர்ந்துவிட்டது. காது மடல் சூடானது. சரியாகத்தான் சொன்னேன், அவனும் சரியாகத்தான் திருப்பிச் சொன்னான், இப்போது எங்கே போகிறான்? கேட்கிறானா, கேட்காத மாதிரி இருக்கிறானா? அந்த நேரத்தில் அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு விமானம்தான் இருந்தது.

நாலாவது முறை அவர் கத்தினார்.

பாதி வாக்கியத்தில் மைக் செத்துப்போனது. பயிற்றுநரின் பொத்தானை அழுத்தினால் சீடரின் மைக் தானாகவே அறுந்துவிடும். ஹெட்செட்டில் சுபைதாவின் குரல் கேட்டது. அவர் கூப்பிட்டது பயணிகள் விமானத்தை.

"மோதலைத் தவிர்க்க உடனே வலப்பக்கம் திரும்புங்கள். நாற்பது டிகிரி."

"வலப்பக்கம், நாற்பது, திரும்புகிறோம்."

அவர் சொல்லி முடித்ததும் விமானி சொல்லிவிட்டார். நடுவில் ஒரு மூச்சு விடும் நேரம்கூட இல்லை.

திரையில் ஒரு புள்ளி வளைந்தது. மற்றது நேராகவே போனது. இரண்டும் மூன்று கடல் மைல் தூரத்தில் ஒன்றையொன்று கடந்தன. விதிப்படி ஐந்து மைலாவது இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் கருவிக்கு வாய் திறக்கும் வேலை வரவில்லை. பிறகு இரண்டும் விலகின. சிவப்பு போய்ப் பச்சை வந்தது.

வேறு இரண்டு பேர் வந்து நாற்காலியை வாங்கிக்கொண்டார்கள். இப்படி நடந்தால் அதுதான் வழக்கம்.

"எழுந்திருங்க சார்," என்றார் சுபைதா.

இன்னாசிமுத்து எழுந்தார். அவர் சட்டையின் முதுகு நனைந்திருந்தது. அறையோ ஸ்வெட்டர் போட வேண்டிய குளிரில் இருந்தது.

ஒரு மணி நேரத்துக்குள் இருவரும் தனித்தனியாக அறிக்கை எழுதிக்கொடுக்க வேண்டும். இன்னாசிமுத்து இரண்டு பக்கம் எழுதினார். சரக்கு விமானத்தின் குற்றத்தை முதல் பக்கத்தில் எழுதினார். இரண்டாம் பக்கத்தில் அவருடைய பேனா ஓரிடத்தில் நின்றது. பிறகு எழுதியது:

பயிற்றுநர் எனக்கு எந்த முன்னறிவிப்பும் கொடுக்காமல் மைக்கை எடுத்துக்கொண்டார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே தக்க நடவடிக்கை எடுத்திருப்பேன்.

அவர் நினைத்து எழுதியது அதுதான். அதில் பொய் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

இரண்டு அறிக்கைகளையும் ஒரே மேஜையில் வைத்துக் கையெழுத்து வாங்கினார்கள். விதிப்படி ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துப் பார்க்கலாம். சுபைதா அவருடையதைப் படித்தார். படித்து முடித்து, கீழே தன் கையெழுத்தைப் போட்டார். 

இன்னாசிமுத்துவும் சுபைதாவுடையதைப் படித்தார். அரைப் பக்கம்கூட இல்லை. கடைசி வரி: நான் இன்னும் முன்பாகவே மைக்கை எடுத்திருக்க வேண்டும். தாமதம் என்னுடையது.

மறுநாள் விவரங்கள் ஒவ்வொன்றாக வந்தன.

சரக்கு விமானத்தின் விமானிகள் வாயால் முப்பத்து மூன்று என்று சொல்லிவிட்டுக் கையால் உயரக் குமிழை முப்பத்தைந்து என்று திருகியிருக்கிறார்கள். அடுத்த பகுதியின் அலைவரிசையை முன்கூட்டியே தயார் செய்து வைக்கும்போது கை தவறி, இருந்த அலைவரிசையும் போய்விட்டது. யாருமே இல்லாத ஓர் அலைவரிசையில் பதினொரு நிமிடம் நிம்மதியாகப் பறந்திருக்கிறார்கள். தரையிறங்கிய பிறகு யாரோ சொல்லித்தான் அவர்களுக்கு விஷயமே தெரியும்.

பயணிகள் விமானத்தில் அப்போது சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். விமானி கையாலேயே திருப்பியிருக்கிறார், வேகமாக. சாப்பாட்டு வண்டி சரிந்து, பணிப்பெண் ஒருத்தி அதன் அடியில் விழுந்தாள். இடது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது. மூன்று பயணிகளின் மேல் சூடான காபி. அந்த விமானி எழுதிய புகார்க் கடிதம் மையத்துக்கு வந்து சேர்ந்தது. நான் என் பாதையில் இருந்தேன், எனக்குக் கொடுத்த உயரத்தில் இருந்தேன், பிறகு எதற்கு என்னைத் திருப்பினீர்கள் என்று கேட்டிருந்தார்.

கேன்டீனில் வைத்து இன்னாசிமுத்து அதைப் படித்தார். எதிரே சுபைதா டீ குடித்துக்கொண்டிருந்தார். விசாரணை முடியும்வரை இருவருக்கும் வேலை கிடையாது. ஆனால் தினமும் வந்து உட்கார வேண்டும்.

"இந்த ஆள் கேட்கிறதுல என்ன தப்பு மேடம்?"

"ஒண்ணும் தப்பில்லை."

"தப்புப் பண்ணவன் சொகுசா இறங்கிப் போயிட்டான். ஒழுங்கா வந்தவனுக்குக் கை ஒடியுது. இதுல என்ன நியாயம்?"

சுபைதா டீயைக் குடித்து முடித்தார்.

"மத்தியானம் வேற வேலை இருக்கா சார்?"

"எனக்கு என்ன வேலை?"

"வாங்க. ஒரு இடத்துக்குப் போயிட்டு வருவோம்."

அவருடைய காரில் போனார்கள். ஆஸ்பத்திரி, மூன்றாவது மாடி. அந்தப் பணிப்பெண்ணின் பெயர் ஜெசிந்தா. இருபத்து நாலு, இருபத்தைந்து வயது இருக்கும். கைக்கு மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் அவளுடைய அம்மா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

சுபைதா தன் பெயரைச் சொன்னார். வேலையைச் சொன்னார். பிறகு, "உங்க விமானத்தைத் திருப்பச் சொன்னது நான்தான். என்னை மன்னிச்சுக்கோங்க," என்றார்.

ஜெசிந்தா அம்மாவைப் பார்த்தாள். அம்மா இரண்டு சுளையைச் சுபைதாவிடம் நீட்டினார், இரண்டு சுளையை இன்னாசிமுத்துவிடம்.

"அக்கா, நாங்க ஏதாவது தப்பான இடத்துல போனோமா?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"இல்லைம்மா. நீங்க சரியாத்தான் போனீங்க."

"அப்போ அந்த இன்னொரு விமானம்?"

"அது போயிடுச்சு."

"அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஒண்ணும் ஆகலை. அவங்களுக்குத் தெரியவே தெரியாது."

ஜெசிந்தா தன் மாவுக்கட்டைப் பார்த்தாள். "மறுபடி பறக்க ஆறு மாசம் ஆகும்னு டாக்டர் சொல்றார்," என்றாள். யாரையும் குறை சொல்லும் தொனி இல்லை. ஆனாலும் இன்னாசிமுத்து அந்த ஆரஞ்சுச் சுளைகளைச் சாப்பிடவில்லை. கையிலேயே வைத்திருந்து, லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் இருந்த குப்பைக்கூடையில் போட்டார்.

திரும்பும்போது சிக்னலில் கேட்டார்.

"நீங்க எதுக்கு மேடம் மன்னிப்புக் கேட்டீங்க? தப்பு உங்களோடது இல்லையே."

"அந்தப் பொண்ணுக்கு வலிக்குது சார்."

விளக்கு பச்சையானது.  இன்னாசிமுத்துவுக்குக் கோபம் குறையவில்லை. கூடத்தான் செய்தது. மன்னிப்புக் கேட்க வேண்டியவன் எங்கோ ஒரு ஓட்டலில் தூங்கிக்கொண்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை விசாரணை. தலைவராக வந்தவர் கோமதிநாயகம். ரேடாரில் முப்பது வருடம் இருந்து ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். கூட இரண்டு பேர். மேஜையின் நடுவில் ஒரு ஸ்பீக்கர்.

"முதல்ல டேப்பைக் கேட்டுடுவோம்," என்றார் கோமதிநாயகம். "இதுல வானத்தோட பேசினது மட்டும் இல்லை. நாற்காலிக்கு மேல ஒரு மைக் இருக்கு. பக்கத்துல பேசிக்கிறதும் பதிவாகும். தெரியும் இல்லையா?"

இன்னாசிமுத்துவுக்குத் தெரியாது. பழைய டவரில் அப்படி ஒன்று கிடையாது. இல்லை என்று தலையை ஆட்டினார்.

டேப் ஓடியது.

முதலில் அவர் குரல். *உங்களுக்கு அனுமதி முப்பத்து மூவாயிரம். உடனே முப்பத்து மூவாயிரத்துக்கு இறங்குங்கள்.*

பிறகு ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில், மெதுவாக, பக்கத்தில் இருப்பவரிடம் உப்பை எடுத்துக் கொடுக்கச் சொல்கிற மாதிரி ஒரு குரல்.

*சார், மத்ததைத் திருப்புங்க.*

இன்னாசிமுத்து நிமிர்ந்தார்.

மறுபடி அவர் குரல். கொஞ்சம் உயர்ந்திருந்தது. இடைவெளி.

*அதை விடுங்க சார். பயணிகள் விமானத்தைத் திருப்புங்க. வலப்பக்கம்.*

மறுபடி அவர் குரல். அதைத் தன் குரல் என்று சொல்லிக்கொள்ள அவருக்கே கூச்சமாக இருந்தது. பேருந்து நிலையத்தில் சண்டை போடும் ஆளின் குரல் போல இருந்தது. இடைவெளி.

*சார். வலப்பக்கம். நாற்பது.*

பிறகு அவர் கத்தியது. பாதியில் அறுந்தது. அதன்மேல் சுபைதாவின் குரல், நேராக வானத்துக்கு.

கோமதிநாயகம் டேப்பை நிறுத்தினார்.

"முதல் தடவை கூப்பிட்டதுலேர்ந்து மேடம் மைக்கை எடுக்கிறவரைக்கும் இருபத்தெட்டு விநாடி," என்றார்.

 

"சார்," என்றார் இன்னாசிமுத்து, "இன்னொரு தடவை போடுங்க."

போட்டார்கள். அதே மூன்று இடங்கள். அதே மூன்று வாக்கியங்கள். குரல் தெளிவாக இருந்தது. ஒரு முழம் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்ன குரல். அவர் காதில் ஹெட்செட் ஒரு பக்கம்தான் இருந்தது. சுபைதா இருந்த பக்கக் காது திறந்துதான் இருந்தது.

அவருக்கு அன்றைய நிமிடம் முழுக்க நினைவில் இருந்தது. எண்கள் மாறியது, அம்பு, சிவப்பு, காது மடல் சூடானது, எல்லாம். அந்த மூன்று வாக்கியங்கள் மட்டும் இல்லை. தேடிப் பார்த்தார். அந்த இடத்தில் வெறும் இரைச்சல்தான் இருந்தது.

"நீங்க ஏன் மத்த விமானத்தைத் திருப்பலை?" கோமதிநாயகம் கேட்டார். அதட்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"அது சரியா இருந்துச்சு சார்."

"அதனால?"

இன்னாசிமுத்து மேஜையில் இருந்த ஸ்பீக்கரைப் பார்த்தார். 

கோமதிநாயகம் சுபைதாவிடம் திரும்பினார். "முன்னறிவிப்பு எதுவும் கொடுக்கலைன்னு இவர் எழுதியிருக்கார். நீங்க அதைப் படிச்சுக் கையெழுத்தும் போட்டிருக்கீங்க. மறுக்கலையே?"

"அவருக்குக் கேட்கலை சார். கேட்காததைக் கேட்கலைன்னுதான் எழுதியிருக்கார்."

"மூணு தடவை சொல்லியிருக்கீங்க. முதல் தடவை அவர் கேட்கலைன்னதும் மைக்கை எடுத்திருக்கணும். இன்னும் தள்ளியே கடந்திருக்கும். திருப்பமும் இவ்வளவு வேகமா இருக்க வேண்டியதில்லை. அந்தப் பொண்ணோட கைகூட ஒருவேளை..."

"ஆமா சார். கேட்டுடுவார்னு நினைச்சேன். என் தப்பு."

இன்னாசிமுத்து எழுந்து நின்றார். ஏன் எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. தன் அறிக்கையைத் திருப்பித் தரச் சொன்னார். அப்படித் தருவதற்கு விதி இடம் கொடுக்காது என்றார்கள். அப்படியானால் ஒரு வெள்ளைத் தாள் வேண்டுமென்றார். கொடுத்தார்கள். அங்கேயே, மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்க, நின்றபடியே எழுதினார்.

என் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் எழுதியது தவறு. பயிற்றுநர் மூன்று முறை சரியான வழியைச் சொன்னார். நான் கேட்கவில்லை. இன்னொரு விமானம் என்னுடைய அலைவரிசையில்தான் இருந்தது. அது எனக்குத் தெரியும். அதைக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை.

கடைசி வரியை எழுதிவிட்டு அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அடித்துவிடலாமா என்று பேனா போனது. அடிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

மூன்று வாரம் கழித்து உத்தரவு வந்தது. குற்றம் முதன்மையாகச் சரக்கு விமானிகளுடையது என்று முதல் வரியிலேயே இருந்தது. சுபைதா தாமதமாகத் தலையிட்டதால் ஆறு மாதத்துக்கு யாருக்கும் பயிற்சி கொடுக்கக் கூடாது. ஒரு தேர்வு எழுதிவிட்டுத் தன் சொந்த வேலைக்குத் திரும்பலாம். இன்னாசிமுத்துவின் அறுபத்து மூன்று மணி நேரமும் செல்லாது. வேறொரு பயிற்றுநரிடம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நாற்பத்தைந்து வயதில் முதலிலிருந்து. மனைவியிடம் அதைச் சொன்னபோது அவள், "வேண்டாம்னா பழைய ஊருக்கே மாத்தல் கேட்டு வாங்கிட்டுப் போயிடலாமே," என்றாள். அவர் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள், புதிய பயிற்றுநரின் பெயருக்கு நேராகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

அன்று சுபைதாவுக்கு வேலைக்குத் திரும்பிய முதல் ஷிஃப்ட். தேர்வை எழுதி முடித்திருந்தார். ரேடார் அறைக்கு வெளியே, ஹெட்செட் வைக்கும் அலமாரியின் முன்னால் நின்றிருந்தார். இன்னாசிமுத்து அங்கே போனார்.

"மேடம், என்னால உங்களுக்கு..."

"அது என்னோட தாமதம் சார். உங்களோடது இல்லை."

"சரி. ஒண்ணு கேட்கணும். கேட்கலாமா?"

"கேளுங்க."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். இதை அவர் பல தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். தடுமாறாமல் வந்தது.

"அன்னிக்குத் தப்புப் பண்ணிக்கிட்டிருந்தது அந்தச் சரக்கு விமானி மட்டும் இல்லை. நானும்தான். உங்களுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தேன். மூணு தடவை சொன்னீங்க. நாலாவது தடவை சத்தம் போட்டுச் சொல்லியிருக்கலாம். தோளைப் பிடிச்சு உலுக்கியிருக்கலாம். நான்தானே திருந்தணும்? என்னை அப்படியே விட்டுட்டு ஏன் பயணிகள் விமானத்தோட விமானிகிட்டப் போனீங்க?"

சுபைதாவின் ஹெட்செட் வயரில் ஒரு முடிச்சு விழுந்திருந்தது. அதை அவர் நிதானமாகப் பிரித்தார். உள்ளேயிருந்து யாரோ அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"அவர் கேட்டுக்கிட்டு இருந்தார் சார்," என்றார்.